படகில் வைத்த கையெழுத்து

"கிரெடிட் காட் இருக்கோ ரீச்சர்?" என்று காசு மேசையில் இருந்த பிள்ளை கேட்டபோது என் கணவர் முகட்டில் சுற்றிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் காது பரிசோதிக்கிற இடம் அது. பரிசோதனை முடிந்து, போட்டுப் பார்க்கட்டும் என்று இரண்டு காதிலும் கேட்கிற மிசின் பூட்டி விட்டிருந்தார்கள். மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதையே மனுசன் மறந்து போயிருந்தார்.

"உதென்ன இந்தக் கத்துக் கத்துது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் ஏனப்பா குளறுறீர்?" என்றார்.

ஐந்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்தி, குளறிக் குளறித்தான் நான் அவரோடு குடும்பம் நடத்துகிறேன். இளவயதில் கடலட்டைக்குச் சுழியோடித் திரிந்ததில் போன காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒருநாள் நான் கூப்பிட்டது கேட்காமல் கிணற்றடியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. விடிந்ததும் குறிகட்டுவானில் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, கடலுக்கு நடுவில் போகும் தாம்போதி றோட்டைக் கடந்து வேலணைப் பக்கம் கொண்டுபோய் விற்கிறார். அந்தத் தாம்போதியில்தான், போன மாதம், பின்னால் வந்த பஸ் கோர்ன் அடித்து அடித்து வந்தும் இவருக்குக் கேட்கவில்லை. பஸ்ஸின் கரை மீன்பெட்டியில் தட்டி, மீனும் மனுசனும் றோட்டில். இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கடல். இந்தப் பக்கம் விழுந்திருந்தால் பஸ்ஸின் சில்லு. பஸ்காரன் இறங்கி வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினானாம். அதுவும் இவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று தொடங்கியது எனக்கு இந்தப் பதகளிப்பு. நான் நயினாதீவில் கணிதம் படிப்பிக்கிறேன். மடத்துவெளியில் இருந்து தினமும் குறிகட்டுவானுக்கு வந்து படகேறிப் போய் வருகிறேன். வகுப்பில் நின்று சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பேன், மனம் தாம்போதியில் நிற்கும். அவருக்குத் தொலைபேசி எடுத்துப் பயனில்லை, மணி அடிப்பது கேட்காது. ஆகவே இடைவேளைக்குச் சந்தித் தேத்தண்ணிக்கடைக்கு எடுத்து, "உவர் திரும்பி வீட்டுக்குப் போட்டாரோ?" என்று கேட்பேன். கடைக்காரர் பாவம், நாள் தவறாமல் பதில் சொன்னார். பிறகு பிறகு என் குரல் கேட்டதுமே, "போட்டார் ரீச்சர், போட்டார்" என்று வைத்துவிடுவார்.

காது மிசின் இரண்டுக்குமாக மூன்றரை இலட்சம். கையில் மொத்தமாகக் கொடுக்க எங்களிடம் ஏது? "காட் இருந்தால் பன்னிரண்டு மாசத்துக்குப் பிரிச்சுப் போடலாம் ரீச்சர். வட்டியும் இல்லை" என்றாள் அந்தப் பிள்ளை. காட் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன், ஏதோ பக்கத்துக் கடையில் வெங்காயம் எடுத்து வருவதுபோல. இவர் மிசின் இரண்டையும் தானே கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடிய பிறகும் அந்தப் பெட்டியில் இருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. படியிறங்கும்போது, "வாற மாசம் எடுப்பம்" என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

அவருடைய தம்பி பிரான்சில் இருக்கிறார், அவரிடம் கேட்டிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒருமுறை அவர் காசு அனுப்பினார். அந்தக் கூரைக்கு ஊரில் இன்றைக்கும் பெயர் பிரான்ஸ் கூரை. என் மனுசனின் காதையும் பிரான்ஸ் காது என்று கூப்பிட நான் விடமாட்டேன்.

வங்கியில் கடனட்டைக்கு விண்ணப்பம் போட்டேன். அரச உத்தியோகம், நிரந்தர நியமனம், இருபது வருடச் சேவை. எனக்குத் தராமல் வேறு ஆருக்குத் தரப் போகிறார்கள் என்ற நினைப்பு. இரண்டு கிழமையாய்த் தொலைபேசியைக் கையில் இருந்து வைக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் எடுத்துப் பார்ப்பேன். அரிசிக்கடை விளம்பரம் வந்தாலும் நெஞ்சு திடுக்கிடும். கடைசியில் வந்தது ஒரு குறுஞ்செய்தி. தர முடியாதாம், வருந்துகிறார்களாம். என்ன காரணம் என்று ஒரு சொல் இல்லை. கோதாரி விழுவார், வருந்துகிறவர் ஏன் வருந்துகிறோம் என்றாவது சொல்ல வேண்டாமா?

சுகவீன விடுமுறை போட்டுவிட்டு வேலணையில் உள்ள கிளைக்குப் போனேன். என் பழைய மாணவர்களின் வயது அந்த உத்தியோகத்தருக்கு. கதிரை இழுத்துப் போட்டு இருத்தினார். கணினியைத் தட்டிப் பார்த்தார், பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரீச்சர், நீங்கள் முந்தி ஒரு லோனுக்குப் பிணை நிண்டிருக்கிறியள்."

"அது முடிஞ்சுது தம்பி. பாதிக் காசு நான்தான் கட்டினனான்."

"கட்டினது சரி ரீச்சர். எட்டு மாசம் பிந்தித்தான் கட்டுப்பட்டிருக்கு. அது உங்கட பேரில நிக்குது. கொழும்பில இருந்து எடுக்கிற றிப்போட்டில அப்பிடியே வருது."

"கடன் எடுத்தது வேற ஆள். கட்டினது நான். பேர் கெட்டதும் எனக்கே?"

"ஓம் ரீச்சர்" என்றார், அவ்வளவு மரியாதையாக. அவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை. எழும்பி ஒருமுறை தண்ணீர் குடிக்கப் போய், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து இருந்தேன்.

அந்தக் கையெழுத்து வைத்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குறிகட்டுவானில் ஏறினால் நயினாதீவில் இறங்க இருபது நிமிடம். எங்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு, கேட்டால் மறுப்பதில்லை. பிள்ளையைப் பிடியுங்கோ என்றால் மடியில் வாங்குவோம். கோழி என்றால் கோழி. யாருக்காவது சத்தி வந்தால், கையிலிருக்கிற பையை வெறுமையாக்கி நீட்டுவோம். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும், விகாரைக்குப் போகிற சிங்களச் சனமும், நாங்களும், எல்லாரும் ஒரே பலகையில் இருக்கிறோம். கவிழ்ந்தால் எல்லாரும்தானே கவிழ வேண்டும். அந்த வழக்கத்துக்குள் எப்படியோ பிணைக் கையெழுத்தும் வந்து சேர்ந்துவிட்டது. பாடசாலையில் நீட்டினால் அதிபர் பார்ப்பார், வீட்டில் நீட்டினால் புருசன் கேள்வி கேட்பார். ஆகவே படிவங்கள் மடி மாறி மடி படகுக்குள்தான் போய் வரும். எங்கள் ஆசிரியர்களின் கடன்களில் பாதிக்கு அந்த இருபது நிமிடக் கடலில்தான் பிணை விழுந்தது.

அன்று கையெழுத்துக் கேட்டவள் எங்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவள். என்னை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். "அக்கா, பென்சிலால புள்ளடி போட்டிருக்கிறன், அந்த நாலு இடத்திலயும் வையுங்கோ." தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. கடுதாசி நனைந்துவிடும் என்று அவசரப்பட்டு வைத்துக் கொடுத்தேன். கணிதம் படிப்பிக்கிறவள் நான். பிள்ளைகள் ஒரு படியை விட்டு விடை எழுதினால் சிவப்பால் சுழித்து முழுப் புள்ளியையும் பறிக்கிறவள். அந்தப் படிவத்தில் ஒரு வரி நான் வாசிக்கவில்லை.

இரண்டு வருடத்தில் அவள் லண்டனுக்குப் போனாள். கொஞ்ச நாள் கட்டினாள், பிறகு விட்டாள். தொலைபேசி எடுத்தால் அழுதாள், பிறகு எடுப்பதையே நிறுத்தினாள். வங்கிக் கடிதங்கள் பாடசாலை விலாசத்துக்கு வந்தன. நாளைக்குக் கட்டிவிடுவாள், நாளை மறுநாள் கட்டிவிடுவாள் என்று அவற்றை வரவுப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டே இருந்தேன். அந்த எட்டு மாதம் அப்படிப் போனதுதான். கடைசியில் மற்றப் பிணைகாரரும் நானும் பாதி பாதியாகக் கட்டினோம். என் பங்குக்கு என் இரண்டு காப்பும் போயிற்று.

இவரிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவுமில்லை. சொல்வதென்றால் குளற வேண்டும். எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓலை வேலி. நான் குளறினால் இவருக்கு முதல் அங்கே கேட்கும். நாளைக்குச் சொல்வோம் என்று அதையும் மடித்து வைத்தேன்.

அதன்பிறகு படகில் நான் ஆருக்கும் கையெழுத்து வைக்கவில்லை. பிள்ளையை வாங்குவேன், கோழியை வாங்குவேன், கடுதாசியை நீட்டினால் முகத்தைக் கடல்பக்கம் திருப்பிவிடுவேன். புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி, அனலைதீவுப் பிள்ளை, எங்கள் பக்கத்தில் அறை எடுத்து இருந்தவள், தகப்பனில்லாத வீட்டுக்குச் சுவர் எழுப்ப வேண்டும் என்று ஒரு கடன் படிவத்தோடு என்னிடம் வந்தாள். "என்ர கையைக் கேளும், வெட்டித் தாறன். கையெழுத்துக் கேளாதையும்" என்றேன், முழுப் படகுக்கும் கேட்க. அந்தப் பிள்ளை படிவத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு இறங்கும்வரை தலை நிமிரவில்லை. நான் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

வங்கியில் அந்தத் தம்பி இன்னொரு வழி சொன்னார். நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்தால், பேர் கெட்டவர்களுக்கும் காட் கொடுப்பார்களாம்.

"காசு வைப்பில கிடந்தால் எனக்கு ஏன் தம்பி உங்கட காட்?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "வேற ஆரேன் தங்கட வைப்பைப் பிணையா வைக்கலாம் ரீச்சர். அவை வந்து கையெழுத்து வைக்கோணும். நீங்கள் ஒழுங்காக் கட்டி வந்தால், உங்கட பேரும் மெல்ல மெல்லத் திருந்தும்."

வேறு ஆர்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விரல் மடித்துப் பார்த்தேன். அண்ணனுக்குக் கொடுக்க மனமிருக்கும், காசு இல்லை. கூடப் படிப்பிக்கிறவர்கள் எல்லாருக்கும் என்னைப்போலச் சம்பளத்தில் முக்கால்வாசி வெட்டு. எங்கள் கூட்டத்தில் வைப்பில் காசு போட்டு வைத்திருப்பது ஒரேயொரு ஆள். அந்த விஞ்ஞான ஆசிரியை, வீட்டுக்கென்று மாதாமாதம் போட்டு வருகிறவள். நினைத்ததும் முகம் சுட்டது. பஸ் தாம்போதியில் ஏறியது. பெட்டி தட்டுப்பட்ட இடம் எது என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் அந்த இடம் போலத்தான் இருந்தது.

மூன்று நாள், வங்கித் தம்பி தந்த பிணைப் படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகேறினேன். அந்தப் பிள்ளை பக்கத்திலேதான் இருந்தாள், வெயிலுக்கு என் தலைக்கும் சேர்த்துக் குடை பிடித்தபடி. கேட்டால் மறுக்கமாட்டாள். அதுதான் கரைச்சல். படகில் வைத்துக் கேட்டால் மறுக்க அவளுக்கு வாய் வராது. நான் என்ன செய்யப் போகிறேன், எனக்கு நடந்ததை அவளுக்கு நடத்தி வைக்கப் போகிறேனா? பையைத் திறப்பேன், மூடுவேன். "என்னக்கா தேடுறியள்?" என்று கேட்டாள். கண்ணாடி என்றேன். கண்ணாடி மூக்கில் இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் குறிகட்டுவானில் எல்லாரும் இறங்கி பஸ்ஸுக்கு ஓடினார்கள். நான் அவளைக் கையில் பிடித்து இறங்குதுறையில் நிறுத்தினேன்.

"பிள்ளை, ஒரு உதவி கேக்கப் போறன். நீர் மறுக்கலாம். மறுத்தால் நான் கோவிக்கமாட்டன். அதுக்குத்தான் கரையில நிண்டு கேக்கிறன்."

"ஐயோ அக்கா, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

காது, பஸ், காட், வைப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் பையைத் திறந்து பேனையை எடுத்தாள். "எங்க வைக்கிறது?" என்றாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "விசரே உமக்கு? வாசிக்காமல் வைப்பீரோ? நான் கட்டாமல் விட்டால் பாங்க் உம்மட காசைத் தூக்கும். வீட்டுக்கெண்டு சேத்த காசு. இரும் இதில. முதல் வரியில இருந்து வாசியும்."

"நீங்கள்தானே அக்கா கேக்கிறியள்."

"நான் கேட்டால் என்ன? நான் ஆர் உமக்கு? இரும் எண்டு சொல்லுறன்."

இறங்குதுறைக் கட்டில் இரண்டு பேரும் இருந்தோம். ஒவ்வொரு வரியையும் வாசிக்க வைத்து, விளங்காததை வகுப்பில் சொல்வதுபோல இரண்டு தரம் சொன்னேன். நான் தவறினால் எத்தனை நாளில் கடிதம் வரும், எப்போது வைப்பில் கை வைப்பார்கள், என்னென்ன அவளுக்குத் திரும்பக் கிடைக்காது. பஸ் வெளிக்கிட்டது. "பஸ் போகுதக்கா" என்றாள். "போகட்டும், மற்றப் பக்கத்தைத் திருப்பும்" என்றேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் அவள் சிரித்தாள்.

"நீங்கள் அண்டைக்கு எனக்கு வைச்சுத் தந்திருந்தால், இண்டைக்கு என்னட்டக் கடன்தான் அக்கா இருக்கும். நீங்கள் மறுத்தபடியால்தான் கொஞ்சம் கொஞ்சமாக் காசு சேத்தனான்." பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "ஆனால் அண்டைக்கு முழுக்க அழுதனான்" என்றாள்.

மன்னித்துவிடும் பிள்ளை என்று சொன்னேன். புவியியல்காரியின் கதையையும் சொன்னேன். அதுவரை அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, படிவத்தை மடியில் வைத்து, ஆறுதலாக, ஒவ்வொரு இடத்திலும் முழுப் பெயரோடு கையெழுத்து வைத்தாள். அடுத்த நாள் வங்கிக்கும் என்னோடு வந்தாள்.

காட் வந்தது. மருந்துக்கடை மேல்மாடியில் அந்தப் பெண்பிள்ளை அதைக் காட் மிசினில் செருகிவிட்டு, இவருக்குக் காது மிசின் இரண்டையும் பூட்டினாள். இந்த முறை என் கணவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தார், இவள் எப்போது குளறுவாள் என்று. திரும்பி வரும்போது தாம்போதியில் பின்னால் ஒரு பஸ் கோர்ன் அடித்தது. இவர் உடனே மோட்டார் சைக்கிளைக் கரைக்கு எடுத்து நிறுத்தி, பஸ்ஸைப் போகவிட்டார். பின்னால் இருந்த நான் அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். "அழுறது கேக்குது" என்றார்.

பதகளிப்பு போய்விட்டதா? எங்கே போனது. முன்பு அவர் வீட்டுக்கு வரும்வரை இருந்தது, இப்போது தவணை கட்டும்வரை இருக்கிறது. நாள் வர முன்னமே கட்டுவேன், கட்டியதும் வங்கி அனுப்பும் செய்தியைப் படகில் அந்தப் பிள்ளைக்குக் காட்டுவேன். "நான் கேட்டனானே அக்கா?" என்பாள். கேட்காவிட்டாலும் பாரும் என்பேன். இவருக்கு, அந்தக் காட் எப்படி வந்தது என்று தெரியாது. பாங்கில் தந்தார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

நான்காவது மாதம், தவணைக்கென்று நம்பியிருந்த நிலுவைச் சம்பளம் வந்து சேரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் வெளியே குழாயடியில் மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக எனக்கு ஒரு பழக்கம். இவர் முதுகுக்குப் பின்னால் நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்வேன். லண்டன்காரியைத் திட்டுவது, அதிபரைத் திட்டுவது, இவரையே திட்டுவது, எல்லாம் மெல்லிய குரலில் நடக்கும். ஆருக்குக் கேட்கப் போகிறது? அன்றைக்கும் அப்படித்தான். "செவ்வாய்க்கிழமைக்கிடையில எங்க போறது நான்? பிந்தினால் அந்தப் பிள்ளையின்ர வீட்டுக் காசல்லோ போகும். பேர் கெட்டவளை நம்பி வைச்சுதே, அம்மாளாச்சி, அந்தப் பிள்ளையை நீதான் காப்பாத்தோணும்."

வெளியே குழாய் நின்றது.

"எந்தப் பிள்ளை?"

கத்தி கையில் இருந்து நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. "ஒண்டுமில்லை" என்றேன்.

"ஒண்டுமில்லை எண்டதும் கேட்டுது" என்றார். ஈரக் கையோடு வந்து குசினி வாசற்படியில் இருந்தார்.

சொன்னேன். படகு, புள்ளடி போட்ட நாலு இடம், வரவுப் பதிவேட்டுக்குள் இருந்த கடிதங்கள், வங்கித் தம்பி, இறங்குதுறை. மீன் செதில் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குச் சொல்லும் குரலில் சொன்னேன். அந்தக் குரலில் அவரோடு பேசி எத்தனை காலம்.

"செவ்வாய்க்கு எவ்வளவு குறையுது?" என்று கேட்டார். சொன்னேன். "திங்கள் பின்னேரம் தாறன். அந்தப் பிள்ளையின்ர காசில ஆரும் கை வைக்கக் கூடாது" என்றார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"காப்பு ரெண்டும் அதுக்குத்தானோ போனது?"

கை வெறுமையானதை இவர் கவனிக்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"ஓம். உங்களுக்குத் தெரியுமோ? பிறகேன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் குளறியெல்லோ சொல்லோணும்" என்றார்.

நான் அழுதேன். வேலிக்கு அங்கால் ஒருவருக்கும் கேட்கவில்லை.